டீக்கடைப் பாகுபாடு: இளைஞர்களுக்கு 2 நாள் பயிற்சி, நாஷ்வில் மாணவர் முறை நம்மூருக்கு ஒத்து வருமா?

கீழ்பவானி_வாசகர்:

வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் வாசகர் வட்டம் ஒன்னு நடக்குது. 19-லிருந்து 24 வயசுக்குள்ள இருபது பேர் தொடர்ந்து வர்றாங்க. பாதிப்பேர் காலனிப் பசங்க, மீதி ஊர்ப் பசங்க, அதுல ஏழு பேர் பொண்ணுங்க. அமெரிக்க சிவில் உரிமைப் போராட்டத்துல கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டுக் கவுண்டர்ல போய் உட்கார்ந்ததைப் படிச்சதிலிருந்து "நாமளும் டீக்கடையில போய் உட்காரலாம்"னு எல்லாரும் துடிக்கிறாங்க. இங்க சில பேக்கரியில ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்குப் பேப்பர் கப். கேட்டா "பார்சலுக்குக் குடுத்தது"ம்பாங்க.

எனக்கு வேண்டியது மூணு விசயம். அங்க நாஷ்வில் நகரத்துல மாணவங்களுக்குப் பயிற்சின்னு சொல்றாங்களே, அதை மணிக்கணக்குல எப்படி நடத்துனாங்க? நம்ம சட்டத்துல எந்த வழியாப் போறது? எங்க சொதப்பும்? உணர்ச்சிப் பேச்சு வேண்டாம்ங்க, அது இங்கயே நிறைய இருக்கு.

பழைய_பேப்பர்:

முதல்ல வட கரோலினா மாநிலத்து கிரீன்ஸ்போரோ. நாலு பசங்க திடீர்னு போய் உட்கார்ந்தாங்கன்னு ஒரே வரியில சொல்லி முடிச்சிடுவாங்க. 1960 பிப்ரவரி 1 அன்னைக்கு அந்த நாலு முதலாமாண்டு மாணவங்க வுல்வொர்த் கடைக்குள்ள போனதும் சாப்பாட்டுக் கவுண்டருக்குப் போகலை. பல்பசை மாதிரிச் சில்லறைச் சாமான் வாங்கி, ரசீதைக் கையில வச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கவுண்டர்ல உட்கார்ந்து காபி கேட்டாங்க. தரமாட்டோம்னு சொன்னதும், இதே கடை நாலடி தள்ளி எங்க காசை வாங்கிக்கிச்சேங்கிற கேள்வி ரசீதோட எழுந்தது. கடை மூடுற வரைக்கும் எந்திரிக்கலை. மறுநாள் இருபதுக்கு மேல வந்தாங்க, நாலாவது நாள் முந்நூறு பேர். ஜூலை 25-ல அந்தக் கவுண்டர் எல்லாருக்கும் திறந்தது. உங்க பசங்களுக்கு நான் சொல்ல நினைக்கிறது அந்த ரசீதைத்தான். இன்னைக்கு அது போன்ல வர்ற ஜிபே ரசீது. கடைப்பேரு, தேதி, நேரம் எல்லாம் அதுலயே இருக்கு.

நாஷ்வில் கதை இன்னும் முன்னாடியே ஆரம்பிக்குது. பயிற்சி குடுத்த ஜேம்ஸ் லாசன் 1953-லிருந்து 56 வரைக்கும் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில இருந்தவர், காந்தி முறையை இங்கயே உட்கார்ந்து படிச்சவர். 1959-ல ஒரு சர்ச்சோட கீழ்த்தளத்துல வாரா வாரம் வகுப்பு. அதுல பாதி நேரம் நாடகம். நாற்காலி வரிசையை டீக்கவுண்டரா வச்சு, சில பேர் உட்காருவாங்க, சில பேர் பின்னாடி நின்னு வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க, மூஞ்சியில சிகரெட் புகை ஊதுவாங்க, நாற்காலியை இழுப்பாங்க. அப்புறம் ஆளை மாத்துவாங்க. திட்டுன பையன் உட்காரணும், உட்கார்ந்தவன் திட்டணும். இந்த மாத்துறதை விட்டுட்டா பயிற்சியே இல்லை. கீழ விழுந்தா தலையையும் வயித்தையும் எப்படிக் காப்பாத்துறது, ஒருத்தனையே சூழ்ந்து அடிச்சா நடுவுல புகுந்து அடியை எப்படிப் பங்கு போட்டுக்கிறதுன்னு உடம்பால பழகுனாங்க.

அந்த நவம்பர், டிசம்பர்லயே ரெண்டு பெரிய கடைக்கு ஒத்திகைக்குப் போனாங்க. கேட்டாங்க, இல்லைன்னாங்க, மேலாளரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டாங்க, வந்துட்டாங்க. சண்டையும் இல்லை, தர்ணாவும் இல்லை. கடையோட கொள்கை என்னன்னு அவங்க வாயாலேயே தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டும் போனது. நம்மாளுங்க இந்தப் படியை அப்படியே தாண்டிடுவாங்க.

1960 பிப்ரவரி 13-ல 124 மாணவங்க இறங்குனாங்க. 27-ம் தேதி உட்கார்ந்தவங்களை வெளியாள் கும்பல் அடிச்சது. போலீஸ் பிடிச்சுட்டுப் போனது உட்கார்ந்தவங்களைத்தான், 81 பேர். ஒரு குழுவைத் தூக்குனதும் அடுத்த குழு அதே நாற்காலியில வந்து உட்கார்ந்தது. முன்னாடியே குழு குழுவாப் பிரிச்சு வரிசை போட்டு வச்சிருந்ததால நடந்தது அது. ஆளுக்கு 50 டாலர் அபராதம். கட்ட மாட்டோம், ஜெயிலுக்கே போறோம்னாங்க. இன்னொரு பக்கம் ஈஸ்டர் சமயத்துல கறுப்பின மக்கள் ஊர்க் கடைவீதியில சாமான் வாங்குறதையே நிறுத்திட்டாங்க. நம்மூர்ல தீபாவளிக்கு முன்னாடி ஜவுளிக்கடைக்குப் போகாம இருக்கிற மாதிரி. மே 10-ல ஆறு கடை இறங்கி வந்தது. உட்கார்ந்தது கண்ணுக்குத் தெரிஞ்சது, கல்லாப்பெட்டி காலியானதுதான் பேச்சுவார்த்தைக்கு இழுத்துட்டு வந்தது.

கையில ஒரு தாள் குடுத்திருந்தாங்க. திருப்பி அடிக்காதே, திட்டாதே. சத்தமாச் சிரிக்காதே. கடையாளோட வளவளன்னு பேசாதே. தலைவர் சொல்லாம நாற்காலியை விட்டு எந்திரிக்காதே. வாசலையும் நடைபாதையையும் மறிக்காதே. நிமிர்ந்து உட்காரு, கவுண்டரைப் பார்த்தே உட்காரு. விவரம் கேட்டு வர்றவங்களைத் தலைவர்கிட்ட அனுப்பு. இது அத்தனையும் அரைத்தாள்ல அடங்கும். உங்க பயிற்சிக்கும் அரைத்தாளுக்கு மேல போக வேண்டாம்.

இருபது பேருக்குன்னா இப்படிப் பிரிங்க: எட்டு நாற்காலி, ரெண்டு மேசை, எவர்சில்வர் டம்ளர், பேப்பர் கப், ஒரு குடம் தண்ணி. ஒரு சுத்து பத்து நிமிசம். ஆறு பேர் உட்கார, ஆறு பேர் திட்ட, ரெண்டு பேர் கடைக்காரர், மீதி ஆறு பேர் நோட்டு வச்சுக்கிட்டு யார் எப்பக் கோபப்பட்டாங்கன்னு நிமிசத்தோட எழுதணும். பத்து நிமிச நாடகத்துக்கு இருபது நிமிசப் பேச்சு. காலையில மூணு சுத்து, மத்தியானம் மூணு சுத்து, அதுக்கு மேல மனசு தாங்காது. திட்டுறப்ப நிஜமான சாதிப் பேரை வச்சுத் திட்டக் கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கங்க. காலனிப் பையனுக்கு அது நாடகமா இருக்காது.

ஒன்னு சேர்த்துக்கலாம். ஈரோட்டுக்காரங்களுக்கு வைக்கம் பேரைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனா அங்க நடந்த முறையை யாரும் பேசுறதில்லை. 1924 மார்ச் 30-ல ஆரம்பிச்சப்ப நாளைக்கு மூணே பேர். முதல் நாள் போனவங்கள்ல ஒருத்தர் புலையர், ஒருத்தர் ஈழவர், ஒருத்தர் நாயர். கைதானா மறுநாள் அடுத்த மூணு பேர். நாஷ்வில் அலை முறைக்கு 36 வருசம் முந்தின கணக்கு இது. உங்க வட்டத்துல ஊரும் காலனியும் பாதிப் பாதின்னு சொன்னீங்களே, அது பெரிய சொத்து.

தாராபுரம்_வழக்காடி:

மேல சொன்னதுல ஒரு வித்தியாசத்தை மறந்துடக் கூடாது. 1960-ல அந்தக் கவுண்டர்ல உட்கார்ந்தவங்களைப் பிடிக்கச் சட்டம் போலீசுக்கு இடம் குடுத்தது. இங்க தீண்டாமையை ஒழிச்ச அரசியல் சாசனம் 17-ம் பிரிவு 1950-லிருந்தே இருக்கு, 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு. நீங்க மீறுறதுக்கு ஒரு சட்டமும் இல்லை, மீறுறது கடைக்காரர். அதனால உங்க வேலை கைதாகுறது இல்லை, சாட்சியம் சேர்க்கிறது.

1989 சட்டத்துப் பிரிவுகள் தெரிஞ்சிருக்கணும். பொது இடத்துல எல்லாருக்கும் வச்சிருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்த விடாம தடுக்கிறதும், கடைக்குள்ள வர விடாம தடுக்கிறதும் 3(1)(இசட்.ஏ). பலர் பார்வையில படுற இடத்துல சாதிப் பேரைச் சொல்லித் திட்டுனா 3(1)(எஸ்), வேணும்னே அவமானப்படுத்துனா 3(1)(ஆர்). 6 மாசத்துலிருந்து 5 வருசம் வரைக்கும் தண்டனை. 1955 சட்டத்து 4-ம் பிரிவுலயும் இதே டம்ளர் விசயம் இருக்கு, ஆனா அதுல 1 மாசத்துலிருந்து 6 மாசம், அபராதம் 100-லிருந்து 500 ரூபாய். புகார்ல ரெண்டாவதை மட்டும் போட்டுக் கேஸை இளைக்க வைக்கிறது வழக்கமா நடக்கிறது. மனுவுல 1989 சட்டத்துப் பிரிவை நீங்களே எழுதிக் குடுங்க.

சாட்சியம் சேர்க்கிறது இப்படி. ரெண்டு பேரா போகணும், ஒருத்தர் காலனி, ஒருத்தர் ஊர். ஒரே கடை, ஒரே நேரம், ஒரே ஆர்டர்: "ஒரு டீ, இங்கயே குடிக்கிறேன்". இந்த "இங்கயே குடிக்கிறேன்"ங்கிற வார்த்தை ரெண்டு பேர் வாயிலிருந்தும் சத்தமா வரணும். பார்சல் கதையை அதுதான் அடைக்கும். அஞ்சு நிமிச இடைவெளி போதும். ஆளாளுக்குத் தனித்தனியா ஜிபே பண்ணணும், ஒருத்தரே ரெண்டு டீக்கும் காசு குடுத்தா போச்சு. ஒரு தடவை போதாது. காலையில கூட்ட நேரம், மத்தியானம் ஆளில்லாத நேரம், சாயந்திரம்னு மூணு வெவ்வேற நாள்ல மூணு தடவை. ஒரு தடவைன்னா "அன்னைக்கு டம்ளர் கழுவலைங்க"ன்னு ஒரே வாக்கியத்துல முடிச்சிடுவாங்க.

வீடியோ எடுத்தா கடைப் பெயர்ப்பலகையில ஆரம்பிச்சு டம்ளர் கைக்கு வர்ற வரைக்கும் ஒரே ஓட்டமா இருக்கணும். வெட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. எடுத்த போன்லயே மூலக் கோப்பு இருக்கணும். வாட்ஸப்ல வீடியோவா அனுப்புனா அது சுருங்கிடும், வேற கோப்பாயிடும். அனுப்பியே ஆகணும்னா டாக்குமெண்டா அனுப்புங்க. புது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் வேணும். முதல் பகுதியைப் போன் வச்சிருக்கிறவர் நிரப்பணும், ரெண்டாவது பகுதியை நிபுணர் நிரப்பணும், கோப்போட ஹேஷ் எண்ணும் (கோப்பைத் தொட்டா மாறிடற அடையாள எண்) அதுல வரும். ஸ்டேட்டஸ் வச்சு ஊரே பார்த்த பிறகு மனு எழுத உட்கார்றது தலைகீழ் வேலை. கடைக்காரர் அன்னைக்கு ராத்திரியே டம்ளரை மாத்திடுவாரு.

கடையில கேமரா இருந்தா அது இன்னும் நல்லது, ஆனா பல கடையில ரெண்டு மூணு வாரத்துல பழைய பதிவு மேலயே புதுப்பதிவு ஏறிடும். அதனால முதல் மனுவுலயே "இந்தத் தேதி, இந்த நேரப் பதிவைப் பாதுகாக்கணும்"னு கேளுங்க. கேமராப் பதிவோட கனம் என்னன்னு திருச்செங்கோடு கோகுல்ராஜ் கொலை வழக்கைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். 2015-ல நடந்தது. முக்கிய சாட்சியே பிறழ்ந்த பிறகும் கோயில் கேமராப் பதிவு நின்னது. 2022 மார்ச்சுல மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை குடுத்தது, 2023 ஜூன்ல உயர் நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியோட தண்டனையை உறுதி பண்ணுச்சு.

ஸ்டேஷன்ல நடக்கிறது: மனுவை வாங்கிட்டு சி.எஸ்.ஆர் ரசீது குடுத்து "விசாரிக்கிறோம்"பாங்க. சி.எஸ்.ஆர் எப்.ஐ.ஆர் ஆகாது. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்) 173(3) இருக்கு, 14 நாள் முதற்கட்ட விசாரணை பண்ணலாம்னு எடுத்துக் காட்டுவாங்க. வன்கொடுமைச் சட்டத்து 18-ஏ பிரிவு, எப்.ஐ.ஆர் போட முதற்கட்ட விசாரணை தேவையில்லைன்னு நேரடியாவே சொல்லுது. மனுவோட கடைசிப் பத்தியில அதை எழுதிடுங்க. அப்பவும் போடலைன்னா மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, போய்ச் சேர்ந்ததுக்கான ஆதாரத்தை வச்சுக்கங்க. அதுக்கும் அசையலைன்னா அதே நடைமுறைச் சட்டத்து 175(3)-ல நீதிமன்றம்.

எப்.ஐ.ஆர் ஆன பிறகு கேஸ் விழுறது பெரும்பாலும் மூணு ஓட்டையில. பாதிக்கப்பட்டவரோட சாதிச் சான்றிதழும், எதிராளி பட்டியல் சாதி, பழங்குடி இல்லைங்கிற ஆவணமும் கோப்புல இருக்காது. டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டியதை இன்ஸ்பெக்டர் விசாரிச்சிருப்பாரு, வன்கொடுமைச் சட்டத்து விதி 7-ஐக் காட்டி எதிர்த்தரப்பு வக்கீல் தட்டிடுவாரு. திட்டுன இடம் பலர் பார்வையில இருந்ததுன்னு சொல்ல வெளிச்சாட்சி இருக்காது. இந்த மூணாவதுக்குத்தான் உங்க ஊர்ப் பசங்க வேணும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு. 55-வது நாள் போய்க் கேளுங்க, 70-வது நாள் போய்ச் சண்டை போடாதீங்க.

உதவித்தொகை பத்தி ஒரு வார்த்தை. 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுக்கு 1 லட்சம். எப்.ஐ.ஆர் கட்டத்துல 25 சதவீதம், குற்றப்பத்திரிகைக்கு 50, தண்டனைத் தீர்ப்பு வந்தா 25. அது பாதிக்கப்பட்டவர் பேங்க் கணக்குக்கு நேரா போகணும். உங்க வட்டம் ஒரு ரூபாயைக் கூடத் தொடக் கூடாது. "காசுக்குப் போட்ட கேசு"ங்கிற பேச்சுதான் முதல்ல கிளம்பும்.

தறிச்சத்தம்:

ரெண்டு பேரும் நல்லாச் சொன்னீங்க. ஆனா நாஷ்வில்ல உட்கார்ந்த பசங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவங்க. பிஸ்க், டென்னசி, மெகாரி, பாப்டிஸ்ட் கல்லூரின்னு ஊர்லயே நாலு கல்லூரி. வுல்வொர்த் முதலாளிக்கும் அவங்க சோத்துக்கும் சம்பந்தம் இல்லை. இங்க பேக்கரி வச்சிருக்கிறவரோட மச்சான் தறிக்குடோன் வச்சிருப்பாரு, சித்தப்பாவுக்குத் தோட்டம் இருக்கும். பையன் டீக்கடையில படம் எடுத்தான்னா, மறுநாள் அம்மாவைக் களை வெட்டக் கூப்பிட மாட்டாங்க. அப்பன் தறியில 40,000 முன்பணம் வாங்கியிருந்தா "நாளைக்குள்ள திருப்பிக் கட்டு"ன்னு ஒரே சொல்லு. கேஸ் 60 நாள்ல குற்றப்பத்திரிகை ஆகும், அடுப்பு அன்னைக்கே அணையும்.

அதனால பயிற்சிக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க இதுக்கு ஒதுக்குங்க. ஒரு நோட்டுல வீட்டு வாரியா எழுதுங்க: யார் யாருகிட்ட வேலை, வாரக் கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, குடியிருக்கிற இடம் சொந்தப் பட்டாவா இல்லை தோட்டத்துச் சாளையா. சாளையில இருக்கிற குடும்பத்துப் பையனை முதல் வரிசையில நிறுத்தாதீங்க. பக்கத்து ஊர்ப் பசங்க இங்க வந்து சோதனை பண்ணட்டும், இந்த ஊர்ப் பசங்க அங்க போகட்டும். 15 கிலோமீட்டர் தள்ளிப் போனா முகம் தெரியாது. சட்டத்துக்கு அது போதும், தடுக்கப்பட்டவர் எந்த ஊர்க்காரர்ங்கிறது கேள்வியே இல்லை.

வேலையை நிறுத்துனா அதுவும் குற்றம்தான். சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்பு பண்ணுனாலும் மிரட்டுனாலும் 3(1)(இசட்.சி). ஆனா நிரூபிக்க முந்தைய மூணு மாசக் கணக்கு வேணும். எந்தெந்த நாள் எந்தத் தோட்டத்துல வேலைன்னு பால்காரர் கணக்கு மாதிரி காலண்டர்ல குறிச்சு வந்தாலே போதும், நின்ன நாள் பளிச்சுன்னு தெரியும். இதைப் பிரச்சினை வந்த பிறகு உட்கார்ந்து எழுதுனா நீதிமன்றத்துல நிக்காது, மை ஒரே நிறத்துல இருக்கும். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடிச்சு வச்சா 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கு, வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கிட்ட மனு.

இன்னொன்னு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க. டீக்கடை, சலூன், கோயில், சுடுகாட்டுப் பாதைன்னு ஒரே மனுவுல நாலையும் போட்டா நாலும் போகும். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில 1961, 62-ல அதுதான் நடந்தது. பஸ் நிலையம், நூலகம், பூங்கா எல்லாத்தையும் ஒன்னாக் கேட்டாங்க. போலீஸ் தலைவர் அடிக்கலை, வெளியூர் ஜெயில்களுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாரு. ஜெயில் நிரம்பவே இல்லை, ஆளுங்கதான் தீர்ந்தாங்க. அடிக்காத அதிகாரி அடிக்கிற அதிகாரியை விட ஆபத்துன்னு அங்கதான் கத்துக்கிட்டாங்க.

கீழ்பவானி_வாசகர்:

நன்றிங்க. தறிச்சத்தம் சொன்ன நோட்டு எங்களுக்குத் தோணவே இல்லை. ரெண்டு சந்தேகம். கடைக்காரர் உசாராகி எல்லாருக்கும் பேப்பர் கப்னு மாத்திட்டா? அப்புறம், பிளஸ் டூ படிக்கிற சில பசங்களும் வர்றேங்கிறாங்க.

தாராபுரம்_வழக்காடி:

அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்து டேன்வில்ல 1960-ல நீதிமன்றம் போய், வெள்ளையருக்கு மட்டும்னு இருந்த நூலகத்தை எல்லாருக்கும் திறக்க வச்சப்ப, மேசை நாற்காலியை எல்லாம் தூக்கிட்டுத் திறந்தாங்க. ஒன்னா உட்கார்றதைத் தடுக்கணும், அவ்வளவுதான். எல்லாருக்கும் பேப்பர் கப்பும் அதே ரகம். ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க, பாகுபாடு டம்ளரை விட்டுட்டுப் பெஞ்சுக்குப் போயிருக்கும். யாரை உள்ளே உட்காரச் சொல்றாங்க, யாரை வெளிய நிக்க விடறாங்க, காசை கையில வாங்குறாங்களா, மேசையில வைக்கச் சொல்றாங்களா. உங்க சோதனைத் தாள்ல டம்ளருக்கு ஒரு கட்டம், பெஞ்சுக்கு ஒரு கட்டம், காசுக்கு ஒரு கட்டம்னு போடுங்க. 3(1)(இசட்.ஏ) வெறும் பாத்திரத்தை மட்டும் பேசலை, கடைக்குள்ள வர்றதைத் தடுக்கிறதும் அதுலயே வருது.

18 வயசுக்குக் கீழ வேண்டாம். அலபாமா மாநிலத்து பர்மிங்காம்ல 1963 மே 2-ல பள்ளிப் பிள்ளைங்களை இறக்குனாங்க, ஆயிரம் பேருக்கு மேல. மறுநாள் தண்ணிப் பீய்ச்சியும் நாயும் விட்ட படம் உலகம் பூரா போச்சு, மே 10-ல ஒப்பந்தமும் வந்தது. பலன் கிடைச்சதுங்கிறது உண்மை. பிள்ளைங்களை முன்னாடி விட்டது சரியான்னு அன்னைக்கே அவங்களுக்குள்ளயே சண்டை. இங்க நம்ம வழி சாட்சியம் சேர்க்கிறதுன்னு ஆனப்புறம் பிள்ளைங்க தேவையே இல்லை. படிவம் எழுதுறது, பழைய மனுக்களை ஒழுங்கு பண்றது, தகவல் உரிமை மனு எழுதுறதுன்னு வேலை கிடக்கு. வன்கொடுமைச் சட்டம் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கிற மாவட்ட விழிப்புணர்வு கண்காணிப்புக் குழு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும், கலெக்டர்தான் தலைவர். கடந்த ரெண்டு வருசத்துல எத்தனை தடவை கூடுச்சு, நிகழ்ச்சிக் குறிப்பு நகல் வேணும்னு 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

சென்னிமலை_வாசகி:

ஏழு பொண்ணுங்கன்னு எழுதியிருக்கீங்க, அதைப் பத்தி யாருமே பேசலை. ஜோடி சோதனைக்கு ஊர்ப் பொண்ணையும் காலனிப் பையனையும் சேர்த்து அனுப்பாதீங்க. சமத்துவத்துக்கு எதிரா சொல்லலை. இந்தப் பக்கம் அது டீக்கடைப் பிரச்சினையா இருக்காது, அன்னைக்கே வேற பிரச்சினையா மாறும். கோகுல்ராஜ் கூடப் படிச்ச பொண்ணோட கோயில்ல பேசிக்கிட்டிருந்தாரு, அவ்வளவுதான், அதுக்கே கொன்னாங்க. பொண்ணும் பொண்ணும், பையனும் பையனும் ஜோடி. ஆனா பொண்ணுங்களை மனு எழுதவும் டீ வைக்கவும் மட்டும் வச்சிட்டா அதுவும் தப்பு. நாஷ்வில்ல பேச்சுக்கு முன்னாடி நின்னது டயேன் நாஷ். 1960 ஏப்ரல் 19-ல மாணவங்களுக்கு வாதாடுன வக்கீல் வீட்டுல குண்டு வெடிச்ச அன்னைக்கு ஆயிரக்கணக்குல ஊர்வலமா நகராட்சிக்குப் போய், இந்தப் பாகுபாடு தப்பா இல்லையான்னு மேயரை நேருக்கு நேர் கேட்டது அந்தப் பொண்ணுதான். தப்புன்னு அவர் வாயிலிருந்து வந்துச்சு, மூணு வாரத்துல கவுண்டர் திறந்துச்சு. உங்க குழுவுக்குப் பேச்சாளரா ஒரு பொண்ணை முதல்லயே தேர்ந்தெடுங்க.

பாதுகாப்புக்கு 1964 மிசிசிப்பி முறையை எடுத்துக்கங்க. கோடை விடுமுறையில வாக்காளர் பதிவு வேலைக்குப் போன மாணவங்க கிளம்பறப்ப ஆபீசுக்குச் சொல்லணும், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணணும். நேரம் தப்புனா ஆபீசு காத்திருக்காது, சுத்துவட்டார ஜெயிலுக்கு எல்லாம் போன் போட ஆரம்பிச்சிடும். அந்த ஜூன் 21-ல மூணு பேர் திரும்பி வராததை அன்னைக்கே கண்டுபிடிச்சது அப்படித்தான், காப்பாத்த முடியலைங்கிறது வேற. நம்மளுக்கு: ஒருத்தர் வீட்டுலயே இருக்கணும், கடைக்குப் போகவே கூடாது. அவர்கிட்ட ஒரு தாள், யார் எந்தக் கடை, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்குள்ள போன். 20 நிமிசம் தாண்டுனா அவர் கூப்பிடுவாரு, எடுக்கலைன்னா 112, அடுத்தது வக்கீல். வண்டி நம்பரும் எழுதி வைங்க. வக்கீல் நம்பர் போன்ல மட்டும் இருந்தா போதாது, போனைப் பிடுங்குவாங்க. முன்கையில பேனாவுல எழுதிக்கங்க. வன்கொடுமை உதவி எண் 14566-ம் கூடவே.

வரும்போது எந்தப் பைக்குல போனாங்களோ அதுலயே திரும்பணும், கடை வாசல்ல கூடிப் பேசி நிக்கக் கூடாது. சண்டை வர்றது பெரும்பாலும் டீ குடிக்கிறப்ப இல்லை, குடிச்சு முடிச்சு வண்டியை எடுக்கிறப்பதான்.

பழைய_பேப்பர்:

கடைசியா, கடைக்காரர் ஒத்துக்கிட்டா என்ன பண்றதுன்னும் பயிற்சியில சேருங்க, யாரும் அதை யோசிச்சு வைக்கிறதில்லை. நாஷ்வில்ல ஒப்பந்தம் ஆனதும் மாலை போட்டுக் கூட்டமாப் போகலை. முதல் ரெண்டு வாரம் சின்னச் சின்னக் குழு, கூட்டம் குறைஞ்ச நேரம், பத்திரிகைக்காரங்ககிட்ட பரபரப்பு இல்லாம எழுதச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க. கடையாளுங்க பழகட்டும்னு விட்டாங்க. அப்புறம் எண்ணிக்கையைத் தானாக் கூட விட்டாங்க.

நம்மூருக்கு: எழுத்துல வாங்குங்க, கடைக்குள்ள "எல்லாருக்கும் ஒரே டம்ளர், ஒரே பெஞ்சு"ன்னு பலகை மாட்டச் சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு ஜோடி மாத்தி மாத்தி ஆறு வாரம் போய்க் குடிச்சு அதே தாள்ல குறிங்க. நாலாவது வாரம்தான் பெரும்பாலும் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். அடுத்த கிராம சபையில, அது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ல எது முதல்ல வருதோ அதுல, ஊராட்சி எல்லைக்குள்ள எல்லாக் கடைக்கும் சேர்த்துத் தீர்மானம் கேளுங்க. கடைப் பேரைப் போட்டுத் தீர்மானம் எழுதாதீங்க. அந்த ஒரு கடைக்காரர் அவமானத்துல எதிரியாகி உட்காருவாரு, மத்த கடைக்காரங்க நம்மளுக்கு இல்லைன்னு போயிடுவாங்க. தீர்மானப் புத்தகத்துல எழுதுனதும் அங்கயே படிச்சுக் காட்டச் சொல்லி, எழுதுன பக்கத்தைப் படம் எடுத்துட்டு வாங்க. கையெழுத்துப் போட்ட பிறகு இடைவெளியில வார்த்தை சேருற புத்தகங்க நிறைய.